மைக்செட் வண்டி மொக்கைச்சாமி

மொக்கைச்சாமியின் பிக்கப் வண்டிக்குக் காலையில் ஒரு குணம், மத்தியானம் ஒரு குணம். விடிந்ததும் கிளப்பினால் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ளும். மதுரை பழங்காநத்தத்திலிருந்து டி. கல்லுப்பட்டி வரை முனகாமல் போகும். வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் அதே வண்டி, ஏதாவது ஒரு ஏற்றம் பார்த்து இருமும், தும்மும், உடம்பைக் குலுக்கும், பிறகு சாலையோரமாக நின்றுவிடும். ராணுவத்தார் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்து, பின்பக்கத்தை வெட்டிப் பலகை அடித்து பிக்கப் ஆக்கிய பெட்ரோல் வண்டி அது. கல்லுப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தக்காளியும் கத்தரிக்காயும் அதில்தான் மதுரைக்கு வரும்.

வெயிலில் நின்றுபோகும் பெட்ரோல் வண்டிக்கு அந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பின் மேல் சாக்கைப் போர்த்தித் தண்ணீர் ஊற்றுவார்கள். சூட்டில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்கிறது, குளிர்ந்தால் அடைப்பு விடும் என்பது வரை எல்லாருக்கும் தெரியும். அதற்கென்றே சீட்டுக்கு அடியில் ஒரு சாக்கும் ஒரு கேன் தண்ணீரும் வைத்திருப்பார்கள். எதற்காகக் கொதிக்கிறது, கொதிக்காமலிருக்க என்ன வழி என்று யாரும் மெனக்கெட்டதில்லை. தண்ணீர் ஊற்றினால் கிளம்புகிறது, அப்புறம் என்ன. மொக்கைச்சாமியும் அப்படித்தான் இருந்தான், எழுபத்தேழாம் வருஷத்துப் பங்குனி வரைக்கும்.

அந்தப் பங்குனியில் அவன் மனைவி அழகம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு கல்லுப்பட்டிக்கு அம்மன் கோயில் பொங்கலுக்குப் போயிருந்தாள். அது அவள் பிறந்த ஊர்; மொக்கைச்சாமிக்குத் தாய்மாமன் வீடு. மகள் தங்கப்பொண்ணு அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். 'அ' எழுதச் சொன்னால் சுவர் கொள்ளும் அளவுக்கு எழுதுவாள். பொங்கல் முடிந்த மறுநாள் விடியற்காலையிலிருந்து அவளுக்கு வாந்தியும் பேதியுமாகப் போனது. மொக்கைச்சாமி தக்காளி ஏற்ற வந்தவன், வீட்டில் எட்டிப் பார்த்தபோது பிள்ளை துவண்டு கிடந்தாள். உள்ளூர் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, மதுரைக்குக் கொண்டுபோய்விடுங்கள், தாமதிக்க வேண்டாம் என்றார்.

"பஸ்ஸு இன்னும் செத்த நேரத்துல வரும்" என்றாள் அழகம்மாள்.

"பஸ்ஸுக்கு எதுக்கு நிக்கணும்? நம்ம வண்டி வாசல்ல நிக்குது. ஏறு."

ஏற்றியிருந்த கூடைகளை அங்கேயே இறக்கிப்போட்டுவிட்டுக் கிளம்பினான். உச்சி வெயில். அழகம்மாள் மடியில் பிள்ளை. காலடியில், கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர் ஒரு கூஜாவில். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி முதல் தடவை நின்றது. கேன் தண்ணீரை ஊற்றினான், கிளம்பிற்று. திருமங்கலம் போய்ச் சேருவதற்கு முன்னால் மறுபடி நின்றது. இரண்டு பக்கமும் கரிசல் காடு. ஒரு மரம் கிடையாது. சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் எதுவும் வரவில்லை. சாக்கு காய்ந்துபோயிருந்தது, கேனில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். அழகம்மாள் கூஜாவை எடுத்து அந்தக் கையில் கொடுத்தாள்.

அவன் கேட்கவுமில்லை, அவள் யோசிக்கவுமில்லை. வண்டி கிளம்பினால் போதும் என்றுதான் இரண்டு பேருக்கும் இருந்தது. பம்பின் மேல் ஊற்றிய தண்ணீர் புஸ்ஸென்று ஆவியாகப் போயிற்று. வண்டி கிளம்பவில்லை.

"அம்மா, தண்ணி" என்றாள் பிள்ளை.

மொக்கைச்சாமி கூஜாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினான். தொலைவில் ஒரு பம்புசெட் அறை தெரிந்தது. அங்கே கரண்ட் இல்லை, ஆளும் இல்லை. கிணற்றடியில் கிடந்த பழைய கமலைக்கயிற்றில் கூஜாவைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, அள்ளிக்கொண்டு திரும்பி ஓடிவந்தான். அழகம்மாள் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடி வெயில் படாமல் பிடித்திருந்தாள். அவன் நீட்டிய கூஜாவை அவள் வாங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் போய் சாவியைத் திருகினான். வண்டி ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

காரியமெல்லாம் முடிந்து அவன் பழங்காநத்தம் கிளம்பியபோது அழகம்மாள் வரவில்லை. யாரும் வற்புறுத்தவுமில்லை, கொஞ்ச நாள் பிறந்த வீட்டில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. அவன் கூப்பிடப் போனான். அழகம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். காயிலிருந்து பஞ்சைப் பிரிப்பதை நிறுத்தவில்லை.

"அழகு, வீடு பூட்டிக் கெடக்கு."

"ஒண்ணு கேக்குறேன், அதுக்குப் பதில் சொல்லுங்க. வண்டி ஏன் நின்னுச்சு?"

"வெயிலுக்கு நின்னுருச்சு."

"வெயிலு எல்லா வண்டிக்குந்தேன் அடிக்குது. நம்ம வண்டி ஏன் நின்னுச்சு?"

அவன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுங்க. சொல்லிட்டுக் கூப்பிடுங்க, வாரேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு இல்லை, வாங்கிட்டு வாங்க என்கிற மாதிரிதான் சொன்னாள். அவளுடைய தம்பி சுருளி தெருமுனை வரை கூடவே வந்தான். "மச்சான், மனசுல வெச்சுக்கிராதீங்க. எங்ககிட்டயும் இதைத்தேன் கேக்குது. மாடு மேய்க்கிறவன் எனக்கு என்ன தெரியும்? அந்த வண்டியை வித்துத் தொலைங்களேன்."

"வித்துட்டா எப்படி மாப்ள தெரியும்?" என்றான் மொக்கைச்சாமி.

அதன் பிறகு அந்த வருஷம் முழுவதும் அவனுக்கு வேறு நினைப்பில்லை. பழங்காநத்தத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பம்பு போயிருக்கும் என்றார்கள், மாற்றினான். டாங்கியில் கசடு என்றார்கள், கழற்றிக் கழுவினான். வண்டிக்கு ராசியில்லை என்றார்கள். அதற்கு அவன் ஒன்றும் செய்யவில்லை. மத்தியான வெயிலில் வண்டி எப்போதும்போல நின்றது. முன்பெல்லாம் நின்றால் எரிச்சலோடு தண்ணீர் ஊற்றுவான். இப்போது ஊற்றுவதில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே எதெது எவ்வளவு சுடுகிறது என்று புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் பானெட்டின் கீல் ஒடிந்துவிட்டது. மூடியைக் கழற்றிப் பின்னால் கூடைகளோடு போட்டுக்கொண்டு, திறந்த இன்ஜினோடு ஓட்டிவந்தான். கடும் வெயில், முழுப் பாரம். வண்டி நிற்கவே இல்லை. பழங்காநத்தம் வந்து சேர்ந்ததும் தெருவில் ஒருவன் கேட்டான்: "என்னண்ணே, வண்டிக்குச் சட்டையை உருவிட்டீக?" மொக்கைச்சாமி இன்ஜினையே பார்த்தபடி நின்றிருந்தான். அவனுக்கு அப்போதுதான் பிடிபட்டது. இன்ஜின் மூச்சு இழுக்கிற வாய் பானெட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி சைலன்சர் குழாய் பழுக்கக் காய்ந்து கிடக்கிறது. போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு படுத்தவன் தன் மூச்சுக்காற்றையே திரும்பத் திரும்ப இழுப்பது மாதிரி, வண்டி தன் அனலையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த அனலில்தான் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதிக்கிறது. பம்பு பாவம், அதன் தலையில்தான் எல்லாரும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மழையிலும் புழுதியிலும் பானெட் இல்லாமல் ஓட்ட முடியாது. அப்படியானால் வெளிக்காற்றைக் குழாய் வைத்து உள்ளே கொண்டுவரவேண்டும். லாரி ரேடியேட்டர் ரப்பர் ஓஸ் ஒன்றை வாங்கி ஏர் பில்டரின் வாயில் மாட்டி, மறுமுனையை ரேடியேட்டருக்குப் பின்னால் விட்டான். ரேடியேட்டர் ஊதுவதும் அனல்தானே. வண்டி இன்னும் சீக்கிரமாக நின்றது. பிறகு முனையை பம்பருக்குக் கீழே இறக்கினான். நிற்கவில்லை, ஆனால் ஒரே நடையில் பில்டர் முழுக்கக் கரிசல் புழுதி. கடைசியில் முகப்பு விளக்குக்குப் பக்கத்தில், நேரே எதிர்காற்று அடிக்கிற இடத்தில் வைப்பதென்று முடிவு செய்தான். அந்த இடத்துக்கு அகலமான வாய் வேண்டும். பின்னால் போகப்போக ஒடுங்க வேண்டும். அந்த வாட்டத்தில் எதுவும் அகப்படவில்லை.

அடுத்த தெருவில் பத்ரிநாத் மைக்செட் கடை வைத்திருந்தார். சௌராஷ்டிரக்காரர், கல்யாண வீடும் கோயில் கொடை விழாவும் அவர் புனல் ஸ்பீக்கர் கட்டாமல் நடக்காது. கடை வாசலில் நெளிந்த புனல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. மொக்கைச்சாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன மொக்கை, கொடைக்குச் சொல்ல வந்தியா?"

"அண்ணே, அந்தப் புனலு எனக்கு வேணும்."

"அது பாடாதுப்பா. கீழ விழுந்து தொண்டை போயிருச்சு."

"பாட வேணாம்ணே. வண்டிக்கு முன்னால கட்டணும்."

பத்ரிநாத் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைப் பார்த்தார். "எலெக்‌ஷனும் இல்ல, சினிமா வெளம்பரமும் இல்ல. தக்காளி தக்காளின்னு கூவிக்கிட்டே போகப் போறியா?"

"இல்லண்ணே. வண்டி மூச்சு விடுறதுக்கு."

அவருக்கு விஷயம் தெரியும். தெருவில் எல்லாருக்கும் தெரியும். அதற்குமேல் கேலி பண்ணவில்லை. தானே புனலைத் தூக்கிக்கொண்டு வந்து, எந்த இடத்தில் வெட்டலாம் என்று கூட உட்கார்ந்து பார்த்தார். புனலின் வாயில் மாவு சலிக்கிற சல்லடை வலையை வைத்துக் கட்டினார்கள். அதன் கழுத்தில் ஓஸ், ஓஸின் மறுமுனையில் ஏர் பில்டர். சைலன்சர் குழாயின் அனல் கார்புரேட்டரில் அடிக்காமலிருக்க, கடலை எண்ணெய் டின்னை வெட்டி விரித்து நடுவில் தடுப்பாக நிறுத்தினான். குளிர்ந்த காற்று வந்ததும் இன்ஜின் ஆரம்பத்தில் செருமிற்று. கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றிப் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டியதும் சரியாகப் போயிற்று. தெருவில் அதற்கு மைக்செட் வண்டி என்று பெயராகிவிட்டது.

மறுபடி பங்குனி வந்தது. உச்சி வெயிலாகப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். பாரம் ஏற்றி, பாரம் இல்லாமல், ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்திக் கிளப்பி. ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஒருநாள் மத்தியானம் முகம் கழுவி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கல்லுப்பட்டிக்குப் புறப்பட்டான்.

சுருளிதான் முதலில் பார்த்தான். "அக்கா, மச்சான் வந்திருக்காரு! இந்த வெயில்ல எங்கிட்டும் நிக்காமயா வந்தீக?"

"நிக்கல மாப்ள."

அழகம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வண்டியின் முகத்தில் இருந்த புனலைப் பார்த்தாள். அவன் பானெட்டைத் தூக்கினான். ஒரு வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பதில்; தட்டுத்தடங்கல் இல்லாமல் வந்தது.

"இங்கன பாரு அழகு. வண்டி மூச்சு இழுக்கிற வாயி உள்ளுக்குள்ள, அனலுக்குப் பக்கத்துல இருந்துச்சு. அந்தச் சூட்டுக் காத்தை இழுத்து, இதுக்குள்ள பெட்ரோலு கொதிச்சுச்சு. அதேன் நின்னுச்சு. இப்ப வாயை வெளிய கொண்டாந்தாச்சு. இது பத்ரிநாத் அண்ணன் கடைப் புனலு. இது லாரி ஓஸு. இது எண்ணெ டின்னு, தடுப்புக்கு. இம்புட்டுத்தேன். இனிமே எந்த வெயில்லயும் நிக்காது."

அழகம்மாள் புனலைப் பார்த்தாள், ஓஸைப் பார்த்தாள், எண்ணெய் டின்னில் பாதி அழிந்திருந்த கடலைப் படத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

அவன் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"ஒரு ஓட்டைப் புனலு. ஒரு எண்ணெ டின்னு. நம்ம வீட்டு அடுப்படியிலயே நாலு கெடந்துச்சே. இம்புட்டு இருந்திருந்தா எம்பிள்ள..." அவள் முடிக்கவில்லை. "ஏங்க, இதைப் போன வருசம் செஞ்சிருக்கலாமுல்ல?"

பெரிய காரணம் எதையாவது அவள் எதிர்பார்த்திருப்பாள் போல. மனிதர்கள் கைக்கு எட்டாத காரணம், இரும்புக்குள்ளேயே விதியாக எழுதியிருந்த காரணம். அப்படி ஒன்று இருந்திருந்தால் அதை ஏற்றுக்கொண்டு அவளால் எழுந்து வந்திருக்க முடியும். அவன் கொண்டுவந்து காட்டியதோ குப்பையில் பொறுக்கக்கூடிய சாமான். அது அவனுக்கு அந்த வாசலில், பானெட்டைத் தாங்கிப் பிடித்த கையோடு நிற்கும்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும், ஒவ்வொரு தடவை வண்டி நிற்காமல் ஓடியபோதும் அவன் சந்தோஷப்பட்டிருந்தான்.

அழகம்மாள் உள்ளே போய்விட்டாள். சுருளி, "சாப்பிட்டுப் போங்க மச்சான்" என்றான். அவன் சாப்பிடவில்லை.

வண்டி நிற்காத செய்தி சும்மா இருக்குமா. காய்கறி வண்டிக்காரர்கள், சோடா வண்டிக்காரர்கள், பழைய பெட்ரோல் வண்டி வைத்திருந்த அத்தனை பேரும் பழங்காநத்தத்துக்கு வந்தார்கள். மொக்கைச்சாமி தக்காளி நடையை விட்டுவிட்டு வீட்டு முன்னாலேயே ஒரு கொட்டகை போட்டுக்கொண்டான். ஆனால் வேலையில் அவனுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வந்தவன் யாராக இருந்தாலும், "ரொம்பப் பெரிய வேலைண்ணே, வண்டியை விட்டுட்டுப் போங்க" என்பான். பானெட்டின் மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே தலையை விட்டு வேலை செய்வான். அரை நாளில் முடிந்த வேலையைச் சும்மா போட்டு வைத்திருந்து, மறுநாளைக்கும் மறுநாள் கொடுப்பான். தொழில் ரகசியத்தைக் காக்கிறான் என்றார்கள் சிலர். ஒரு தகர டப்பாவை வைத்துக்கொண்டு என்ன பவுசு பண்ணுகிறான் பார் என்றார்கள் சிலர். கூலி கூடுதலாகவும் கேட்பதில்லை என்பதால் அந்தப் பேச்சு எங்கும் போய்ச் சேரவில்லை.

அந்த ஐப்பசியில் அழகம்மாள் திரும்பி வந்தாள். சுருளி பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து, டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனான். எதற்கு வந்தாள் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளுடைய அப்பா காலமாகி, சுருளிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருக்கச் சங்கடமாக இருந்திருக்கலாம். அடுப்பு எரிந்தது, வாசல் தெளித்துக் கிடந்தது. பேசவேண்டியதைப் பேசிக்கொண்டார்கள். அரிசி, தண்ணீர் லாரி, சுருளி கல்யாணத்துக்கு என்ன செய்வது. கல்யாணத்துக்குப் போகும்போதும் அவள் பஸ்ஸில் போனாள், அவன் வண்டியில் போனான். கொட்டகைப் பக்கம் அவள் வருவதே இல்லை. சாப்பாட்டைக்கூட வாசற்படியில் வைத்துவிட்டு, "சோறு வெச்சிருக்கு" என்று குரல் கொடுப்பாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை.

எண்பதுகளில் டீசல் வண்டிகள் வந்து குவிந்தன. பெட்ரோல் பிக்கப்புகள் ஒவ்வொன்றாக இரும்புக்கடைக்குப் போயின. அப்படியும் கே.கே. நகரிலிருந்து கருத்தக்கண்ணன் என்று ஒருவர் பழைய பிக்கப் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். வீடு வீடாகக் கட்டில் பீரோ ஏற்றி இறக்குகிறவர். வாய் ஓயாத மனுஷன். சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றார். மொக்கைச்சாமி அப்போதுதான் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து நிறுத்தியிருந்தான். அவன் தார்ப்பாயை இழுப்பதற்குள் கருத்தக்கண்ணன் பானெட்டுக்குள் தலையை விட்டுவிட்டார்.

"அட என்னப்பா! ஒரு புனலு, ஒரு ரப்பர் குழாயி, ஒரு தகரம். இதுக்கா பெரிய வேலை பெரிய வேலைன்னு வண்டியைப் புடிச்சு வெச்சிருந்தே? எங்க வீட்டு வாண்டுகூட மாட்டிருமே! இம்புட்டுத்தானா?"

மொக்கைச்சாமி ஸ்பானரைக் கையில் பிடித்தபடி நின்றான். கருத்தக்கண்ணன் சிரித்துக்கொண்டே இன்னும் ஏதோ சொல்ல வந்தவர், வாசலைப் பார்த்து நிறுத்தினார்.

அழகம்மாள் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. நேராகக் கொட்டகைக்குள் வந்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. அது லேசுப்பட்ட வேலையில்ல."

"இல்லத்தா, நான் சும்மா வெளையாட்டுக்கு..."

"பாக்குறதுக்கு அப்படித்தேன் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க இவுகளுக்கு ஒரு வருசம் ஆச்சு. அன்னந்தண்ணி இல்லாமத் திரிஞ்சாக. இந்தப் பக்கத்துல வேற யாருக்காச்சும் தெரிஞ்சுச்சா? உங்களுக்குத் தெரிஞ்சுச்சா? யாருக்குமே தெரியாதுண்ணே அப்ப. ஒருத்தருக்குமே தெரியாது."

கருத்தக்கண்ணன் மொக்கைச்சாமியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.

அழகம்மாள் அங்கேயே நின்றாள். ஓடிவந்த வண்டியின் சூடு முகத்தில் அடித்தது. அவள் குனிந்து, "இதுலதான் பெட்ரோலு கொதிக்கும்னீங்க?" என்று கார்புரேட்டரைக் காட்டினாள்.

"ஆமா. பாத்து, பக்கத்துல சைலன்சர் குழாயி இருக்கு."

தகரத் தடுப்புக்கு இந்தப்புறமாகக் கையை விட்டு, மாவு ஒட்டிய விரல்களைக் கார்புரேட்டரின் மேல் வைத்தாள். முதலில் நுனி விரல். பிறகு உள்ளங்கையை முழுவதும் வைத்து அழுத்திக்கொண்டாள். எடுக்கவில்லை.

"சில்லுன்னு இருக்குங்க" என்றாள்.

மொக்கைச்சாமி தலையசைத்தான். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, பானெட் அவள் தலையில் விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.